மில்லிகிராமின் நான்கு விரல் சோதனை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. கடைத்தெருவில் யாரும் அதைக் கேட்டதில்லை. அங்கே அவர் மில்லிகிராம். அவர் தலை தெருமுனையில் தெரிந்தால் போதும், "மில்லிகிராம் வர்றார்" என்ற சேதி கடைக்குக் கடை தாவி, அவருக்கு முன்னால் கடைசிக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தராசுத் தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டியிருந்தவர்கள் அவசர அவசரமாகச் சுரண்டுவார்கள். ஒன்றும் ஒட்டாதவர்கள்கூட எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

இத்தனைக்கும் அவர் அதிகாரி இல்லை. தராசு பழுது பார்ப்பவர், அவ்வளவுதான். ஆனால் அதிகாரியிடம் தப்பிய தராசு உண்டு, அவரிடம் தப்பியது கிடையாது. கடைக்குள் நுழைந்ததும் நலம் விசாரிக்க மாட்டார், நாற்காலியில் உட்கார மாட்டார். தோளில் கிடக்கும் மெல்லிய துணியை எடுத்துத் தட்டைத் துடைப்பார். பிறகு தன் கையைத் துடைப்பார். பெட்டியிலிருந்து பித்தளை எடைக்கல்லை எடுத்துத் தட்டின் நடுவில் வைப்பார். அடுத்து அதே கல்லை ஒரு மூலையில், மறு மூலையில் என்று நான்கு மூலைகளிலும் நகர்த்தி வைப்பார். எங்கே வைத்தாலும் தராசு ஒரே பதில் சொல்ல வேண்டும். ஒரு மூலை மட்டும் வேறு கதை சொன்னால் அந்தத் தராசு அன்றைக்குத் தூங்கப் போகாது, கடைக்காரரும் போக மாட்டார்.

அந்தத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கை கழுவிய ஈரத்தோடு ஓர் எடைக்கல்லை அவர் தொட்டுவிட்டார். பட்டறை மேஸ்திரி அன்று போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்ததாம். ஈரம் பட்டால் பித்தளை கறுக்கும், கறுத்தால் எடை மாறும். அந்த வசவு அவர் எலும்பில் இறங்கிவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எல்லோரையும் போல அவரும் கை கழுவுவார். ஆனால் ஒரு கருவியைத் தொடப் போகிறார் என்றால் தண்ணீர்ப் பக்கமே திரும்ப மாட்டார். துணி, துடை, தொடு. முப்பது வருடத்துக்கு மேல் இதே ஒழுங்கு.

வீட்டில் முன்னறை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஜன்னல் பக்கம் அவருடைய வேலை மேசை, திருகாணிகள், வயிறு திறந்து கிடக்கும் தராசுகள். சுவர் பக்கம் அவர் மனைவியின் சாம்ராஜ்யம்: கேக் வைத்துச் சுற்றும் சுழல்மேசை, கிரீம் பிழியும் குழல்கள், வண்ணக் குப்பிகள், ஒரு பெரிய அடுப்பு. மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு, வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று அந்த அம்மாள் ஒரு கேக் செய்து பார்த்தார். அமைதி அதோடு போயிற்று. ஒரு பல் டாக்டருக்குக் கடைவாய்ப் பல் வடிவத்தில் கேக் செய்தார். ஒரு தையற்கடைக்குத் தையல் மிஷின் வடிவத்தில் செய்தார், ஊசிகூட இருந்தது. தெருவே அவரைக் கேக் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது. கணவருடைய பட்டப் பெயரைப் பிள்ளைகள் பின்னால் இருந்து சொல்லிவிட்டு ஓடும். மனைவியுடையதை முன்னால் வந்து நின்று சொல்லும். இந்த வித்தியாசம் மில்லிகிராமுக்குத் தெரியும், பெருமைதான்.

ஆரம்ப காலத்தில் ஒரு சண்டை வந்தது. யாருக்கோ செய்முறை சொல்லும்போது கேக் அக்கா "ஒரு கை சர்க்கரை" என்று சொல்லிவிட்டார்.

"யாரோட கை?" என்றார் மில்லிகிராம் ஜன்னல் பக்கமிருந்து.

"என் கைதான், வேற யாரு கை?"

"இன்னைக்கு உள்ள கையா, நேத்து உள்ள கையா? நேத்து விரல்ல கட்டுப் போட்டிருந்தியே."

அன்றிலிருந்து எடை போடும் வேலை அவருடையதாயிற்று. மதியம் சாப்பாடு முடிந்ததும் மனைவி பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வார். மாவு, வெண்ணெய், பொடித்த சர்க்கரை எல்லாம் அவர் கையால் நிறுத்துத்தான் போகும். கேக்கின் மேல் போர்வை மாதிரி விரிக்கும் சர்க்கரைப் பசைக்குக் குளுக்கோஸ் பாகு என்று ஒன்று தேவைப்படும். கண்ணாடி மாதிரி நிறமில்லாமல் இருக்கும், பிடிவாதமான சரக்கு. கரண்டியிலிருந்து தனக்குத் தோன்றியபோதுதான் இறங்கும். அதை ஒரு கிராம் பிசகாமல் கிண்ணத்தில் இறக்குவது என்றால் விரலால் வழித்தால்தான் உண்டு. அவர் வழிப்பார், தராசைப் பார்ப்பார், கொஞ்சம் திருப்பி எடுப்பார், மறுபடி வழிப்பார். இந்த நேரத்தில்தான் கணவனும் மனைவியும் ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் பேசுவார்கள். நாள் பூராவும் அவர் எதிர்பார்த்துக் காத்திருந்தது அந்த நேரத்துக்குத்தான். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவே.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் போன வருடம் மில்லிகிராமின் சர்க்கரை வியாதி ஏறிக்கொண்டது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், சாப்பாட்டுக்குப் பட்டியல் போட்டார், வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்த்துக்கொள்ளச் சொன்னார். மகள் ஒரு சிறிய மீட்டர் வாங்கி அனுப்பினாள். வியாதி வந்த மனிதர் மாதிரியா இருந்தார் அவர்? புதிதாக ஒரு அளவைக் கருவி வீட்டுக்கு வந்திருக்கிறது என்று ஒரே குதூகலம். கூட வந்த குறிப்புத் தாளைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தார். 'கைகள் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. உலர்ந்து என்று பார்த்ததும் அந்தக் கம்பெனி மேலேயே மரியாதை வந்துவிட்டது. தொழில் தெரிந்தவன் எழுதியிருக்கிறான் என்றார். தோள் துணியால் விரலை அழுத்தித் துடைத்துக்கொண்டு ஊசியைப் போட்டார்.

நூற்று முப்பத்தெட்டு என்றது மீட்டர். தொழில் புத்தி சும்மா இருக்குமா? பக்கத்து விரலில் உடனே இன்னொரு குத்து. நூற்று நாற்பத்தொன்பது.

"ஒரே ஆளு. ஒரே ரத்தம். ஒரே நிமிஷம். ரெண்டு பதில். இதை ஒரு காய்கறிக் கடையில வச்சிருந்தா கடைக்கு சீல் வச்சிருப்பாங்க" என்றார்.

மருந்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் ஒரு சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டுப் பார்த்து, மீட்டர் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் முன்னே பின்னே அப்படித்தான் இருக்கும் என்றார். 'அப்படித்தான் இருக்கும்' என்பது மில்லிகிராமின் அகராதியிலேயே இல்லாத பேச்சு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

உண்மையான வம்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. காலையில் குளித்து முடித்த கையோடு பார்த்தால் சமர்த்துப் பிள்ளையாக இருக்கும் மீட்டர், சில மதியங்களில் இருநூற்று அறுபது, இருநூற்று எண்பது என்று கூரைக்கு ஏறியது. எல்லா மதியமும் இல்லை. கேக் வேலை இருக்கும் நாட்களில் மட்டும்.

இதைக் கண்டுபிடித்தது கேக் அக்கா. கண்டுபிடித்துவிட்டு நேரே கேட்கவில்லை, கொஞ்ச நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். கிரீம் கிண்ணத்தைப் பார்த்தார். கணவரின் வாயைப் பார்த்தார். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார்.

"என்னங்க, ஒரு விஷயம் கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. நான் அந்தப் பக்கம் திரும்பும்போது கிரீமைத் தொட்டு வாயில வச்சுக்கறீங்களா?"

"நானா?"

"வீட்டுல வேற யாரு இருக்கா?"

"மிஷின் கோளாறு. நான்தான் முதல் நாளே சொன்னேனே."

"அது என்ன, கேக் செய்யற அன்னைக்கு மட்டும் வர்ற கோளாறு?"

உண்மையைச் சொன்னால், அந்த மனிதர் ஒரு துளி தொட்டதில்லை. எடைக்குக் கொடுத்த சரக்கில் வாய் வைப்பதா என்று நினைக்கிற ஜாதி அவர். ஆனால் நிரபராதியின் முகம் என்று தனியாக ஒன்று கிடையாதே. அவர் திருதிருவென்று விழித்தார், அது திருட்டு முழி மாதிரியே இருந்தது.

அடுத்த கேக் நாளில் கேக் அக்கா காய்கறி வாங்கப் போகும்முன் ஒரு காரியம் செய்தார். கணவருடைய தராசிலேயே கிரீம் கிண்ணத்தை எடை போட்டு, ஈரத்துணியால் மூடிவிட்டுப் போனார். திரும்பி வந்ததும் துணியை எடுத்துவிட்டு மறுபடி போட்டார். ஒன்பது கிராம் குறைந்திருந்தது.

"உங்க தராசு பொய் சொல்லாதுன்னு சொல்வீங்களே. சொல்லுங்க, ஒம்பது கிராம் எங்க?"

"மூடின துணியையும் எடை போட்டியா? கிரீம் அதுல ஒட்டியிருக்கும். கொஞ்சம் காஞ்சும் போயிருக்கும்."

முழுக்க முழுக்கச் சரியான பதில். ஆனால் இதே பதிலை இத்தனை வருடமாக எத்தனை கடைக்காரர்கள் இவரிடம் சொல்லியிருக்கிறார்கள், இவர் எப்படி உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். இப்போது மனைவி அதே மாதிரி உதட்டைப் பிதுக்கினார். கூடவே வாழ்ந்ததில் கற்றுக்கொண்டது.

டாக்டரிடம் போனபோது அவர் மதிய அளவுகளைக் கேட்டுப் புருவத்தை உயர்த்தினார். "இப்படியே போனா மாத்திரை பத்தாது. இன்சுலின் ஊசி பத்தி யோசிக்கணும்" என்றார். மில்லிகிராம் ஊசிக்குப் பயந்தவர் இல்லை, விரலைத்தான் தினமும் குத்திக்கொள்கிறாரே. பயந்தது மனைவிதான். வாசற்படி ஏறும்போது சொன்னார்.

"ரயில் எஞ்சின் கேக் ஒண்ணு ஒத்துக்கிட்டேன். அதை முடிச்சுக் கொடுத்துட்டு நிறுத்திடறேன்."

"எதை?"

"கேக்கைத்தான். வீட்டுல சர்க்கரையே வேண்டாம். உங்களால வாயைக் கட்ட முடியல. நான் கடையைக் கட்டிடறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்கு எகிறியிருப்பார். மனைவியோ ரொம்பச் சாதாரணமாக, பால் வாங்கி வைத்துவிட்டேன் என்பது போலச் சொன்னார். கணவரின் உடம்பா கேக்கா என்று வந்தால் அவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மில்லிகிராம்தான் படியிலேயே நின்றுவிட்டார். அவர் செய்யாத திருட்டுக்கு மனைவி தண்டனை அனுபவிக்கப் போகிறார். போகப் போவது அவருடைய மதிய நாற்காலியும்தான்.

சேதி அவருடைய தங்கைக்குப் போனது. அந்த அம்மாளுக்கு அண்ணன் மேல் பாசம் அதிகம், அண்ணியின் சுழல்மேசை மேல் அதைவிட அதிகம். "நானும் கேக் கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசை அண்ணி. உங்களுக்குத் தொந்தரவு இல்லாம ஞாயித்துக்கிழமை நானே வந்து எடுத்துட்டுப் போயிடறேன். எல்லாம் அண்ணன் உடம்புக்காகத்தான்" என்றாள் போனில்.

மில்லிகிராம் ஒரு கடைசி வழி யோசித்தார். ஒரு தராசு மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? அதைவிட உசத்தியான தராசோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் கையின் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பெரிய மிஷினில் பார்க்கிறார்கள். அதே நேரத்தில் தன் மீட்டரிலும் பார்த்தால் மீட்டரின் சாயம் வெளுத்துவிடும். சாட்சிக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே இருந்த பெண் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்ல யோசனைதான் சார். முதல்ல அந்தக் குழாயில கையை சோப்புப் போட்டுக் கழுவி, நல்லாத் துடைச்சுட்டு வந்து உட்காருங்க" என்றாள். ஆஸ்பத்திரி என்றால் கிருமி, சுத்தம் என்று நூறு சொல்வார்கள் என நினைத்துக்கொண்டு அவரும் கழுவிவிட்டு வந்தார். அவள் நரம்பில் ரத்தம் எடுத்தாள், அவர் விரலில் குத்திக்கொண்டார். மீட்டர் நூற்று ஐம்பத்திரண்டு காட்டியது. கொஞ்ச நேரத்தில் பெரிய மிஷினின் முடிவு வந்தது: நூற்று நாற்பத்தாறு.

"உங்க மீட்டர் ரொம்ப நல்லா இருக்கு சார். வீட்டு மீட்டர்னா பதினஞ்சு சதவீதம் வரைக்கும் முன்ன பின்ன காட்டலாம், அதுக்குள்ளதான் இருக்கு. ஒரு விரலுக்கும் இன்னொரு விரலுக்கும்கூடக் கொஞ்சம் மாறும்."

மில்லிகிராம் மீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தார். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாததா? எந்தத் தராசுக்கும் இவ்வளவு வரை போகட்டும் என்று ஓர் எல்லை உண்டு. பொன் நிறுக்கும் தராசுக்கு ஓர் எல்லை, மூட்டை நிறுக்கும் தராசுக்கு வேறு எல்லை. மூட்டைத் தராசிடம் போய்ப் பொன் தராசின் யோக்கியதையை எதிர்பார்க்கக் கூடாது என்று அவரே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார். அந்தச் சிறிய மீட்டர் மேல் முதன்முதலாக அவருக்கு ஒரு சகோதர பாசம் வந்தது. அது வந்த மறுநொடியே இன்னொன்றும் உறைத்தது. மீட்டர் யோக்கியன் என்றால், இருநூற்று எண்பதும் உண்மை. தன் வாயாலேயே மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

கேக் அக்கா எழுந்தார். அவருடைய பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க போலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓய்வு பெறப் போகும் ஓர் எஞ்சின் ஓட்டுநருக்கான கேக் அது. மேசை மேல் கறுப்பு எஞ்சின் முக்கால்வாசி உருவாகி நின்றது, புகைபோக்கி உட்பட. சக்கரங்களுக்கு வெள்ளைக் கிரீம் வைப்பதுதான் பாக்கி. அன்று மதியமும் மில்லிகிராம் கடைசித் தடவையாக நாற்காலியை நகர்த்திப் போட்டு, சக்கரத்துக்கான பசைக்குப் பாகு நிறுத்துக் கொடுத்திருந்தார். அன்று ஊர்க்கதை கிடையாது. மறுபக்கம் சுழல்மேசை அட்டைப் பெட்டிக்குள் போய், கயிறும் கட்டியாகிவிட்டது. தங்கை வந்து பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமல்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனது. மில்லிகிராம் எழுந்து மீட்டரை எடுத்துக்கொண்டு வந்து அறை நடுவில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் பாருங்க. நாலு மூலைச் சோதனை பண்ணப் போறேன்."

"என்னண்ணா அது?"

"ஒரே எடைக்கல்லை நாலு மூலையிலயும் வச்சா நாலும் ஒரே பதில் சொல்லணும். இங்க மூலைக்குப் பதிலா நாலு விரல். ரத்தம் ஒண்ணுதான்."

தோள் துணியை எடுத்து ஒவ்வொரு விரலையும் கருவி துடைப்பது போலத் துடைத்தார். வலது ஆள்காட்டி விரலில் குத்தினார். இருநூற்று எழுபத்தொன்று. தங்கை உச்சுக் கொட்டினாள். வலது நடுவிரல். இருநூற்று முப்பத்தெட்டு. இடது மோதிர விரல். நூற்று அறுபத்து மூன்று. இடது சுண்டு விரல். நூற்று நாற்பத்தொன்பது.

மில்லிகிராம் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு மோசமாக மூலைச் சோதனையில் தோற்ற தராசை அவர் தொழிலில் பார்த்ததில்லை. ஆனால் மீட்டர் சரியானது என்று பெரிய மிஷினே சாட்சி சொல்லியிருக்கிறது. பதினைந்து சதவீதம் என்றால் இவ்வளவா? பிறகு எது கோளாறு? ஒரே உடம்பில் வலது பக்கம் ஒரு ரத்தம், இடது பக்கம் ஒரு ரத்தமா ஓடும்? அவருடைய அத்தனை வருட அனுபவமும் கையை விரித்துவிட்டது. வேறு வழி தெரியாமல், வலது கட்டை விரலுக்கு ஊசியைக் கொண்டு போனார்.

"போதும்ங்க. விரலெல்லாம் சல்லடையா ஆயிடுச்சு" என்று கேக் அக்கா வேகமாக வந்து அந்தக் கையைப் பிடித்தார்.

பிடித்தவர் விடவில்லை. விட முயன்றபோது கை உடனே வரவில்லை. மெல்ல, மனசில்லாமல் பிரிவது போலப் பிரிந்தது. கேக் அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"குளுக்கோஸ் பாகு" என்றார்.

"நான்தான் துடைச்சேனே" என்றார் மில்லிகிராம்.

"துணியால துடைச்சா பாகு போகுமா? சுடுதண்ணியும் சோப்பும் போட்டுத் தேச்சாலே என் கையில இருந்து லேசுல போகாது. எங்க, அந்தத் துணியக் கொடுங்க."

தோள் துணியை வாங்கிப் பார்த்தார். ஓரமெல்லாம் அட்டை மாதிரி விறைத்து நின்றது. பார்வைக்குத் தெரியாது, தடவினால்தான் தெரியும். கொஞ்ச நாளாக வீட்டில் நடந்த பல மர்மங்கள் அந்த அம்மாளுக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. விசிறி சுவிட்ச் ஏன் விரலைப் பிடித்துக்கொள்கிறது, செய்தித்தாளின் நடுப்பக்கம் ஏன் பிரிய மாட்டேன் என்கிறது, கேக் பெட்டி மூடியில் ஏன் அவருடைய கைரேகை அச்சடித்த மாதிரி நிற்கிறது.

"விரல்ல இருக்கற பாகு, ரத்தச் சொட்டோட சேந்து மிஷினுக்குள்ள போகுது. அது பாவம், குளுக்கோஸை எண்ணச் சொன்னா எண்ணுது. உள்ள இருக்கறது எது, வெளிய ஒட்டினது எதுன்னு அதுக்கென்ன தெரியும்? அந்தப் பொண்ணு அன்னைக்கு முதல்ல கையைத்தானே கழுவச் சொன்னா."

மில்லிகிராமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டுக்கு அடியில் ஒட்டிய மெழுகு. ஊரில் அத்தனை பேர் தட்டையும் தடவிப் பார்த்த மனிதர், தன் சொந்தத் தட்டைத் தடவிப் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கியது. ஆனால் அதற்கு நேரமில்லை, மனைவி அவரைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, குழந்தைக்குக் கழுவி விடுவது போலக் கழுவி, புதுத் துண்டில் துடைத்து, அழைத்து வந்து உட்கார வைத்தார். ஊசியைக்கூட அவரே போட்டார். அதே வலது ஆள்காட்டி விரலில், இன்னொரு ஓரத்தில்.

நூற்று ஐம்பத்து நான்கு.

அடுத்த விரலிலும் பார்த்தார்கள். நூற்று நாற்பத்தேழு.

"இப்பவும் ரெண்டும் வேற வேறயா இருக்கே அண்ணா. கோளாறுதான் போல" என்றாள் தங்கை, பெட்டிக் கயிற்றைப் பிடித்தபடி.

"அது இருக்கலாம்" என்றார் மில்லிகிராம். "எந்தத் தராசுக்கும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும்."

சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போனார். கடைத்தெரு முழுக்கக் கேட்க ஏங்கிய வாக்கியம் அது. கேட்டது இரண்டே பேர்.

கேக் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் உங்களைத் திருடன்னு நினைச்சுட்டேங்க. ஒம்பது கிராமுக்கு" என்றார்.

"மிஷின் சொன்னதைத்தானே நீ நம்பின. நானா இருந்தாலும் நம்பியிருப்பேன்."

"நீங்க என்னை எடை போட்டிருக்க மாட்டீங்க."

மில்லிகிராம் மீட்டரை உறைக்குள் வைத்தார். மதிய அளவுகள் பொய் என்று டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும், ஊசிப் பேச்சைத் தள்ளிப் போட வேண்டும் என்று எதையோ முணுமுணுத்தார். கேக் அக்கா அதற்குள் குனிந்து அட்டைப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தங்கையின் கை கயிற்றை விட்டு மெதுவாக விலகியது. அண்ணன் உடம்பு சரியானதில் தனக்குச் சந்தோஷம் என்று அவள் சொன்னாள். குரல்தான் கொஞ்சம் ஒத்துழைக்கவில்லை. எஞ்சின் செதுக்கியபோது விழுந்த கேக் துண்டுகளை ஒரு டப்பா நிறைய அள்ளிக் கொடுத்ததும் முகம் தெளிந்தது.

தங்கையைப் பஸ் ஏற்றிவிட்டு வரக் கேக் அக்கா செருப்பை மாட்டினார். வெள்ளைக் கிரீம் கிண்ணம் வெளியே இருந்தது. "இதைக் கொஞ்சம் பாத்துக்குங்க, வந்து சக்கரம் வச்சுடறேன்" என்று அதை மில்லிகிராம் கையில் கொடுத்தார். அவர் பழக்க தோஷத்தில், மனைவியின் கண் முன்னாலேயே நடக்கட்டும் என்று, கிண்ணத்தைத் தராசுப் பக்கம் கொண்டு போனார்.

"எடை எதுக்கு? மூடி வச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுக் கேக் அக்கா திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

மில்லிகிராம் கிண்ணத்தை ஈரத்துணியால் மூடினார். தோள் துணியைக் கொண்டுபோய் வாளியில் ஊறப் போட்டார். பிறகு குழாயடியில் நின்று தனக்குத் தானே கை கழுவினார், இரண்டு தடவை. நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளாமல் அங்கேயே, மனைவியின் மேசை ஓரமாகவே விட்டுவிட்டு, அதில் உட்கார்ந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த கேக் அக்கா கிண்ணத்தைப் பார்க்கவில்லை. நேராக வந்து, கழுவினாரா என்று அவர் வலது கையை எடுத்துப் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம்கூட ஒட்டவில்லை. ஆனாலும் உடனே விடவில்லை.